கலிபோர்னியா பக்வீட்: வறண்ட சரிவுகளின் நாட்டுச் செடி

தென் கலிபோர்னியாவில் ஆகஸ்ட் மாதம் மலைச்சரிவுகளில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும். கடைசி மழை பெய்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். அந்தச் சரிவுகளில் இடுப்பளவு உயரத்துக்கு, உருண்டையான புதர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அவற்றின் உச்சியில் துரு நிறத்தில் காய்ந்த பூக்கொத்துகள். பட்டுப்போன செடி என்றுதான் முதலில் தோன்றும். கிட்டே போய்க் கொத்தை விலக்கிப் பார்த்தால் உள்ளே இலை பச்சையாக இருக்கும். சில கொத்துகளில் அப்போதும் வெள்ளைப் பூ விரிந்துகொண்டிருக்கும், அதில் தேனீக்களும் இருக்கும்.

இதுதான் கலிபோர்னியா பக்வீட். தாவரவியல் பெயர் எரியோகோனம் ஃபாசிகுலேட்டம். சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், இர்வைன் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் பலர் தினமும் இதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். ‘நாட்டுச் செடி’ என்று சொல்கிறோமே, அதற்கு உண்மையில் என்ன பொருள் என்று விளங்கிக்கொள்ள இந்தச் செடியைப் போல உதவும் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

பக்வீட் என்றதும் சிலருக்கு மாவு நினைவுக்கு வரும். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குக் குட்டு மாவில் பூரி செய்வார்கள். அந்தத் தானியம்தான் பக்வீட். அது ஓராண்டுப் பயிர், சீனாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலிருந்து வந்தது. கலிபோர்னியாப் புதர் அதற்குத் தூரத்து உறவு. இரண்டும் பாலிகோனேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயரில் ‘வீட்’ (கோதுமை) இருந்தாலும், கோதுமை புல் வகை என்பதால் இவற்றோடு அதற்குச் சொந்தம் கிடையாது. நம் சுக்காங்கீரை இந்தக் குடும்பம்தான். மெக்சிகோவிலிருந்து வந்து நம் ஊர் வேலிகளில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும் கொடிரோஸும் அப்படியே. தானிய பக்வீட்டின் விதை மூன்று பட்டையாக இருக்கும். கலிபோர்னியா பக்வீட்டின் விதையும் மூன்று பட்டைதான், ஆனால் நீளம் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதை அரைத்து மாவாக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எரியோகோனம் என்ற பேரினத்தில் சுமார் 250 இனங்கள் இருக்கின்றன. எல்லாமே வட அமெரிக்காவுக்கு மட்டும் உரியவை, பெரும்பாலானவை கண்டத்தின் மேற்குப் பாதியில். அந்தக் கண்டத்துக்கு வெளியே இயல்பாக வளராத பேரினங்களில் இதைவிடப் பெரியது பென்ஸ்டெமன் ஒன்றுதான். இத்தனை இனங்கள் ஒரே இடத்தில் எப்படி உருவாயின? மேற்கு அமெரிக்காவின் நில அமைப்பைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். ஒரு மலைத்தொடர், அடுத்து ஒரு வறண்ட பள்ளத்தாக்கு, மறுபடியும் மலைத்தொடர் என்று நெவாடா முழுக்க மாறி மாறி வரும். நடுவில் களிமண் திட்டு, சுண்ணாம்புத் திட்டு, எரிமலைச் சாம்பல் படிந்த திட்டு. ஒரு திட்டில் வேரூன்றிய செடிக்கும் அடுத்த மலையில் இருக்கும் செடிக்கும் மகரந்தப் போக்குவரத்து குறைந்துவிடுகிறது. காலம் போகப் போக ஒவ்வொன்றும் தன் தன் மண்ணுக்கு ஏற்றபடி தனி இனமாகப் பிரிந்துவிடுகிறது. இந்தப் பிரிவுகளை வகைப்படுத்துவதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜேம்ஸ் ரிவீல் (1941–2015) என்ற தாவரவியலாளர்.

சரி, கலிபோர்னியா பக்வீட்டை எப்படி அடையாளம் காண்பது? முதலில் இலையைப் பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாத, ஒடுங்கிய இலைகள். தனித்தனியாக இல்லாமல் தண்டில் அங்கங்கே சின்னக் கட்டுகளாக முளைத்திருக்கும். இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளையான நுண்முடி. இலையின் இரண்டு ஓரமும் அடிப்பக்கமாகச் சுருண்டிருக்கும், வெயிலில் காயும் அப்பளத்தின் ஓரம் போல. அப்புறம் பூ. ஒவ்வொரு பூவும் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பில் ஆறு இதழ்கள், ஒன்பது மகரந்தத் தண்டுகள். இத்தனை சின்னப் பூக்கள் நிறையச் சேர்ந்து உருண்டைக் கொத்தாக, இலையில்லாத காம்பின் நுனியில் நிற்கும். வசந்த காலத்தில் பூக்கத் தொடங்கினால் இலையுதிர் காலம் வரைக்கும் போகும். முதலில் வெள்ளை, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் துரு நிறம். காய்ந்த பிறகும் கொத்து உதிராமல் மாதக்கணக்கில் செடியிலேயே நிற்கும். எனக்கு இந்தச் செடியில் மிகப் பிடித்தது அந்தத் துரு நிறம்தான். பூத்திருக்கும்போது கண்ணில் படாத செடி, காய்ந்த பிறகு மலையையே நிறம் மாற்றிவிடுகிறது.

கடலோர மணற்பாறைச் சரிவிலும் இது இருக்கும், மொஹாவி பாலைவனத்திலும் இருக்கும், 2000 மீட்டருக்கு மேலும் சில இடங்களில் ஏறியிருக்கும். கலிபோர்னியாவைத் தாண்டி மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா வரைக்கும் பரவியிருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே செடி என்று நினைத்துவிடக் கூடாது. தாவரவியலாளர்கள் இதை நான்கு வகைகளாகப் பிரிக்கிறார்கள். கடலோரத்தில் வளர்வது ஃபாசிகுலேட்டம் வகை. அது தாழ்ந்து படரும், இலையின் மேற்புறம் வழவழப்பாக இருக்கும். உள்நாட்டு மலைகளில் ஃபோலியோலோசம் வகை. பாலைவனத்தில் போலிஃபோலியம் வகை, இலை இரண்டு பக்கமும் முடி அடர்ந்து சாம்பல் நிறமாகிவிடும். நான்காவதான ஃப்ளேவோவிரிடி இலை பச்சையாக இருக்கும், அதுவும் பாலைவனச் செடிதான். இந்தப் பிரிவை இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இந்தச் செடி வறட்சியில் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு வரலாம். தென் கலிபோர்னியாவின் பருவம் நமக்குப் பழக்கமில்லாதது. மழையெல்லாம் குளிர்காலத்தில், ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் பெய்துவிடும். வெயில் காலத்தில் ஒரு துளி கிடையாது. நம் ஊரில் வெயில் உச்சத்தில் கோடை மழையாவது எட்டிப்பார்க்கும். அங்கே வெப்பமும் வறட்சியும் சேர்ந்தே வரும், சேர்ந்தே நீடிக்கும். அதனால் அங்குள்ள செடிகள் குளிர்கால மழையில் வளர்ந்து, வெயிலில் செலவைக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன.

செலவைக் குறைப்பது என்றால் இலை வழியாகப் போகும் நீரைக் குறைப்பது. இலை சின்னதாக இருந்தால் அதைச் சுற்றியிருக்கும் காற்று வெப்பத்தைச் சீக்கிரம் எடுத்துச் சென்றுவிடும், இலை அதிகம் சூடாகாது. ஓரம் சுருண்டிருப்பதாலும் அடியில் முடி இருப்பதாலும் இலைத் துளைகளை ஒட்டி அசையாத, கொஞ்சம் ஈரமான காற்று தங்கும். வறண்ட காற்று நேரடியாக உறிஞ்ச முடியாது. பாலைவன வகையின் சாம்பல் நிற முடிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இதெல்லாம் போதாத அளவுக்கு வறட்சி நீண்டால் செடி இலைகளில் ஒரு பகுதியை உதிர்த்துவிடும். உயிர் தண்டிலும் வேரிலும் இருக்கும்.

பாறை நிலம் ஏன் இதற்குப் பிடிக்கிறது என்பது பலருக்கும் புரியாத விஷயம். பாறையில் தண்ணீர் ஏது என்று கேட்பார்கள். ஆனால் பாறைச் சரிவில் பெய்யும் மழை, கல்லின் மேல் வழிந்து இடுக்குகளில் போய்ச் சேர்கிறது. நாலு பக்கத்து மழையும் ஒரே பிளவில் இறங்குகிறது. மேலே கல் மூடியிருப்பதால் அந்த ஈரம் சட்டென்று ஆவியாகாது. பிளவுக்குள் வேரை விட்ட செடிக்கு, சமவெளிக் களிமண்ணில் இருக்கும் செடியைவிட வெயில் காலத்தில் ஈரம் அதிகம் கிடைக்கலாம். அதே நேரம் அதிகப்படித் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். இந்த வடிதல் ரொம்ப முக்கியம். கலிபோர்னியா பக்வீட்டுக்கு வறட்சியைவிடப் பெரிய எதிரி சூடான ஈர மண். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மண்ணில் வேரழுகல் நுண்ணுயிர்கள் பெருகும். இந்தச் செடி வளர்ந்த நிலத்தில் அந்த இரண்டும் ஒருசேர வருவதே இல்லை, அதனால் அதை எதிர்க்கும் வலிமை இதற்குக் குறைவு. வளமும் பெரிதாகத் தேவைப்படாது. மண் வளமான இடத்தில் வேகமாக வளரும் புற்கள் வந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். சத்தில்லாத பாறை மண்ணில் அந்தப் போட்டி இல்லை.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் தீ இல்லாமல் எந்தச் செடியின் கதையும் முழுமையாகாது. பெரிய தீயில் முதிர்ந்த பக்வீட் புதர்கள் பெரும்பாலும் செத்துவிடும். இளம் செடிகளில் சில மட்டும் அடியிலிருந்து துளிர்க்கும். மற்றபடி விதையிலிருந்துதான் திரும்பி வர வேண்டும், அது வரும். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். அதற்குள் மறுபடியும் தீ வந்தால், ஐரோப்பாவிலிருந்து வந்த ஓராண்டுப் புற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் புற்கள் காய்ந்தால் இன்னும் எளிதாகத் தீப்பிடிக்கும். இப்படிப் புதர்க்காடு இருந்த சரிவுகள் பல வெறும் புல்வெளியாக மாறிவிட்டன. கலிபோர்னியா நாட்கேட்சர் என்ற சின்னச் சாம்பல் நிறப் பறவைக்கு இந்தக் கடலோரப் புதர்க்காடுதான் வீடு. 1993-இல் அதை அழியும் ஆபத்துள்ள உயிரினமாக அமெரிக்க அரசு அறிவித்தது.

இந்தச் செடியை நம்பி வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்? பூ ஆழமில்லாதது, தேன் மேலேயே இருக்கிறது. நீளமான நாக்கு உள்ள பூச்சிதான் குடிக்கலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. தேனீக்கள், குளவிகள், ஈக்கள், வண்டுகள், பட்டாம்பூச்சிகள் எல்லாமே வரும். மற்றச் செடிகள் பூப்பதை நிறுத்திவிட்ட கோடையில் இது பூப்பதால் அந்த வரவுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. கலிபோர்னியாவின் தேனீ வளர்ப்பவர்களுக்கும் இது முக்கியமான தேன்செடி. விதையைக் காடைகளும் சிறு குருவிகளும் எறும்புகளும் தின்னும். கவீயா முதலான பழங்குடி மக்கள் இலையைக் கஷாயம் வைத்துத் தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் குடித்திருக்கிறார்கள்.

தேன் குடிக்க வருகிறவர்கள் ஒருபக்கம். இலையையும் பூவையும் தின்று வளரும் புழுக்கள் இன்னொரு பக்கம், அவர்கள்தான் இந்தச் செடியோடு அதிகம் பிணைந்தவர்கள். யூஃபிலோட்டஸ் என்ற நீலன் பட்டாம்பூச்சிக் கூட்டத்தின் புழுக்கள் பக்வீட் இனங்களின் பூவையும் இளம் விதையையும் மட்டுமே தின்கின்றன. அதிலும் பல வகைப் பட்டாம்பூச்சிகளுக்குக் குறிப்பிட்ட ஓரிரு பக்வீட்தான் ஏற்கும். இங்கேதான் நான் முதலில் சொன்ன ‘நாட்டுச் செடி’ விஷயம் வருகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் மேற்கு ஓரத்தில், ஓடுபாதைக்கும் கடலுக்கும் நடுவே எல் செகுண்டோ மணல்மேடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே கடலைப் பார்த்தபடி வீடுகள் இருந்தன. ஜெட் விமானங்களின் இரைச்சல் தாங்க முடியாமல் போகவே, 1960களிலும் 70களிலும் நகர நிர்வாகம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வீடுகளை அகற்றியது. வீடுகள் போன பிறகும் தெருக்கள் மணலுக்குள் கிடக்கின்றன. அந்த மணல்மேடுகளில் எல் செகுண்டோ நீலன் என்ற விரல் நகத்தளவு பட்டாம்பூச்சி வாழ்கிறது. அதன் முழு வாழ்க்கையும் கடலோர பக்வீட் என்ற ஒரே செடியில்தான். அது எரியோகோனம் பார்விஃபோலியம், கலிபோர்னியா பக்வீட்டின் நெருங்கிய சொந்தம். கோடையில் அந்தச் செடி பூக்கும் சமயத்தில்தான் பட்டாம்பூச்சி கூட்டை விட்டு வெளியே வரும். சில நாட்களே உயிரோடு இருக்கும். பூக்கொத்தில்தான் இணை சேரும், அங்கேயே முட்டையிடும். புழு பூவைத் தின்று வளரும், அதன் உடலில் சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து காவல் நிற்கும். பிறகு செடியின் அடியில் மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த கோடை வரை காத்திருக்கும்.

1970களின் நடுவில் அங்கே சாலை வேலை நடந்து மணல்மேடு குலைந்தபோது, மணலைப் பிடித்து நிறுத்தச் செடி விதைத்தார்கள். விதைத்தவற்றில் ஒன்று நம் கலிபோர்னியா பக்வீட், உள்நாட்டிலிருந்து கொண்டுவந்த விதை. அதே மாநிலத்துச் செடி, அதே பேரினம், வறட்சியைத் தாங்கும், சீக்கிரம் வேரூன்றும். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத தேர்வு. ஆனால் அது கடலோர பக்வீட்டுக்கு முன்னாலேயே, வசந்தத்திலேயே பூத்தது. அந்த முன்கூட்டிய பூவில் வேறு அந்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்று பெருகின. கடலோர பக்வீட் பூக்கும் நேரத்தில் அந்தப் பெருங்கூட்டம் அதற்குத் தாவியது. எல் செகுண்டோ நீலனின் புழுக்களுக்குப் பூ போதவில்லை. இதோடு வந்தேறிய புதர் வேகமாகப் படர்ந்து, கடலோர பக்வீட்டின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டாம்பூச்சி 1976-இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. ரூடி மட்டோனி என்ற பூச்சியியலாளரும் மற்றவர்களும் இந்தக் கோளாறைக் கண்டறிந்து சொன்ன பிறகு, கலிபோர்னியா பக்வீட்டைப் பிடுங்கிக் கடலோர பக்வீட்டை நடும் வேலை 1980களின் பிற்பகுதியில் தொடங்கியது. பட்டாம்பூச்சியின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. பின்னர் தெற்கே ரெடோண்டோ கடற்கரையின் சரிவிலும் வெளிநாட்டுச் செடிகளை அகற்றிக் கடலோர பக்வீட்டை நட்டார்கள். 2007-இல் அங்கே எல் செகுண்டோ நீலன் தானாகவே வந்து சேர்ந்தது.

ஆகவே, ஒரு செடி கலிபோர்னியாவுக்கு உரியது என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த மலை, எந்தக் கரை, எந்த மாதம் பூக்கும், அங்கே யார் அதைத் தின்கிறார்கள் என்பதுவரை போக வேண்டும். சில மைல் தூரத்தில் மலைச்சரிவில் நூறு உயிர்களுக்குச் சோறு போடும் அதே புதர், மணல்மேட்டில் ஒரு பட்டாம்பூச்சியைப் பட்டினி போட்டது. நெடுஞ்சாலை ஓரங்களில் மண்ணரிப்பைத் தடுக்க இதை விதைத்து விதைத்து, இயல்பாக வளராத இடங்களிலும் இப்போது பரவியிருக்கிறது. பாலைவன வகையும் உள்நாட்டு வகையும் கடலோரத்துக்கு வந்துவிடுகின்றன. நான்கு வகைகளை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இடத்தோடு செடி கட்டுண்டு கிடப்பதற்கு இன்னும் தீவிரமான உதாரணம் நெவாடாவில் இருக்கிறது. அங்கே ரயோலைட் ரிட்ஜ் என்ற இடத்தில் டீம் பக்வீட் என்ற குட்டைச் செடி இருக்கிறது. உலகம் முழுவதிலும் அது இயல்பாக வளரும் நிலத்தின் மொத்தப் பரப்பு சுமார் 10 ஏக்கர். போரானும் லித்தியமும் நிறைந்த அந்த வெளிறிய மண்ணில் வேறு செடிகள் அதிகம் நிற்பதில்லை. மின்சார கார்களின் பேட்டரிக்கு லித்தியம் வேண்டும் என்பதால், அதே மண்ணுக்கு ஒரு சுரங்கத் திட்டமும் வந்தது. 2020-இல் அங்கிருந்த செடிகளில் ஆயிரக்கணக்கானவை பிடுங்கப்பட்டுக் கிடந்தபோது மனிதர்கள்மீது சந்தேகம் எழுந்தது. மரபணுச் சோதனையில் அது கொறிக்கும் விலங்குகளின் வேலை என்று தெரிந்தது, கடும் வறட்சியில் ஈரத்துக்காக வேரைத் தின்றிருக்கலாம். 2022 டிசம்பரில் டீம் பக்வீட் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் சுரங்கத்துக்கும் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. புகையில்லாத கார் எனக்கும் வேண்டும். ஆனால் லித்தியம் பூமியில் வேறு இடங்களிலும் கிடைக்கும், இந்தச் செடிக்கு அந்த 10 ஏக்கரை விட்டால் வேறு இடமில்லை. இதில் செடியின் பக்கம் நிற்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

தென் கலிபோர்னியாவில் வீடும் கொஞ்சம் மண்ணும் உள்ளவர்கள் கலிபோர்னியா பக்வீட்டைத் தாராளமாக வளர்க்கலாம், ஆனால் மேலே சொன்ன மணல்மேடுகளை ஒட்டிக் குடியிருந்தால் கடலோர பக்வீட்டை நடுங்கள். நர்சரியில் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எந்த வகை, விதை எந்தப் பகுதியில் எடுத்தது? நாட்டுச் செடி நர்சரிகளில் இதற்குப் பதில் சொல்வார்கள். கலிபோர்னியா நாட்டுத் தாவரச் சங்கத்தின் கால்ஸ்கேப் இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தாலும் அங்கே இயல்பாக வளரும் செடிகளின் பட்டியல் கிடைக்கும். ‘தியடோர் பெய்ன்’, ‘டானா பாயின்ட்’, ‘வாரினர் லைட்டில்’ என்று தாழ்ந்து படரும் தேர்வு ரகங்களும் விற்கிறார்கள். முதல் ரகத்தின் பெயருக்குரியவர் இங்கிலாந்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் நர்சரி நடத்தியவர். கலிபோர்னியச் செடிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வாழ்நாளெல்லாம் உழைத்தார்.

நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். மழைக்காலம் முடிவதற்குள் வேர் மண்ணைப் பிடித்துவிடும். நாள் முழுக்க வெயில் படும் இடமாக, தண்ணீர் தேங்காத மேடாகப் பார்த்து வையுங்கள். செடிக்குச் செடி ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். உரம் போடாதீர்கள். முதல் ஆண்டு மழை குறைந்தால் இடையிடையே ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், வேர் பிடித்த பிறகு கோடையில் தண்ணீரை அறவே குறைத்துவிடுங்கள். கோடையில் வாடுகிறதே என்று தினம் ஊற்றினால் செடி வேரழுகிப் போய்விடும். கவாத்து செய்வதானால் இலையுதிர் காலத்தின் முடிவில் நுனியை மட்டும் லேசாக வெட்டுங்கள். இலையில்லாத முற்றிய கட்டை வரைக்கும் வெட்டினால் அங்கிருந்து துளிர்ப்பது அரிது. துரு நிறக் கொத்துகளை அதுவரை செடியிலேயே விட்டுவைத்தால் குருவிகளுக்கு விதை கிடைக்கும், தரையில் விழுந்ததில் சில அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும். விதையை நீங்களே எடுத்து விதைப்பதாக இருந்தால் காய்ந்த கொத்தைக் கையால் கசக்கி, மழை தொடங்கும் நேரத்தில் மண்ணின் மேலாகவே தூவிவிடலாம். மலை உச்சியில் வளரும் மஞ்சள் நிற சல்ஃபர் பக்வீட் போன்ற இனங்களுக்கு மட்டும் விதையைச் சில வாரம் குளிரில் வைத்தெடுக்க வேண்டும். கலிபோர்னியா பக்வீட்டுக்கு அது தேவையில்லை.